மூன்று கட்டம் மேலே

அவள் பாடினால் செம்மண்டலத்தில் இருக்கும் அந்த மெக்கானிக் ஷெட்டின் தகரக் கூரை அதிரும். அதே ஷெட்டில் அதே மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் தொண்டை கிழிய நானும் பாடியிருக்கிறேன். ஒரு நாள்கூட அதிர்ந்ததில்லை. நான் செய்த காரியத்துக்கு அந்தத் தகரம்தான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தகரத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவள் வருவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேர். நான் கிதார் வாசித்துக்கொண்டு பாடுவேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன் பேஸ் கிதார். டிரம்ஸ் வாசித்தவனுடைய மாமாவுக்குச் சொந்தமானது ஷெட். ராக் இசையில் கராஜ் ராக் என்று ஒரு வகை இருக்கிறது. நாலு பையன்கள் வீட்டுக் கார் நிற்கும் இடத்தில் கூடி, தெரிந்த மூன்று கிதார் கார்டை வைத்துக்கொண்டு, ஆம்ப்பின் சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டுக் கத்துவது. எங்கள் மூன்று பேர் வீட்டிலும் கார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ஷெட்டுக்கு லீவு. கியர் ஆயில் வாசனையில், கழற்றிப் போட்ட டயர்களின் மேல் உட்கார்ந்து, பாண்டிச்சேரியில் பழசாக வாங்கிய ஆம்ப்பில் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தோம். பேண்டுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

எங்களில் ஒருவனுக்கும் இசை எழுதப் படிக்கத் தெரியாது. பேஸ் வாசிப்பவன் என் இடது கையைப் பார்த்தே வாசிப்பான். கிதாரின் கழுத்தைக் குறுக்குக் கம்பிகள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கும். விரலை ஒரு கட்டம் மேலே நகர்த்தினால் மொத்தப் பாட்டும் அரை ஸ்வரம் ஏறிவிடும். நான் எந்தக் கட்டத்தில் ஆரம்பிக்கிறேனோ அங்கே அவன் வந்துவிடுவான். ஏன் எதற்கு என்று கேட்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. பேண்ட் எங்கே போக வேண்டும் என்பதை என் கை முடிவு செய்தது. அதில் எனக்குப் பெருமை ஜாஸ்தி.

பாட்டுக்காரன் என்ற பெயர் எனக்கு மாதா கோயிலில் கிடைத்தது. பத்து வயதிலிருந்து ஞாயிறு காலைப் பூசையில், எல்லோரும் திருப்பிப் பாடுகிற பதிலுரைப் பாடலை நான்தான் எடுத்துக்கொடுப்பேன். பூசை முடிந்து வெளியே வரும்போது அத்தைமார்கள் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைப்பார்கள். குரல் உடைந்து மீசை முளைத்த பிறகும் அந்தக் கன்னத்தின் நினைப்பிலேயே பாடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுடன். அவருக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் கொஞ்சம் கரும்பு உண்டு. மற்ற நாளில் குட்டியானை என்கிற சின்ன லாரியில் சரக்கு ஏற்றுவார். சனிக்கிழமை பழுது பார்த்து வைத்த அந்த வண்டியை எடுத்துப் போக வந்திருந்தார்கள். மாமா சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று நாங்கள் வாசித்த ஒரு பாட்டை முழுசாகக் கேட்டாள். முடிந்ததும் சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணா, நீங்க பாடறது கேக்கவே இல்ல. டிரம்ஸ் மட்டுந்தான் கேக்குது."

டிரம்ஸ் வாசிப்பவன் சிரித்தான். "அப்ப நீ பாடிக் காட்டு பாப்போம்" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். மைக்கைக் கையில் வாங்கியவள் அதை ஆன் செய்யவே இல்லை. அப்படியே பாடினாள். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஸ்பேனர்கள் கிணுகிணுவென்றன. மேலே தகரம் அதிர்ந்தது. மாமா சாவி தேடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று பேஸ் வாசிப்பவன் கேட்டான். "எங்கயும் இல்லண்ணா. ஸ்கூல்ல மைக் ரிப்பேர். மூணு வருசம் பிரேயர நான் சும்மாவே பாடுனேன். கடைசி வரிசைல நிக்கற பசங்களுக்கும் கேக்கணும்னு டீச்சர் சொல்லுவாங்க" என்றாள். அடுத்த ஞாயிறு அவள் எங்கள் பேண்டில் இருந்தாள். யார் முடிவு செய்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் இல்லை.

அப்போது அவள் சிதம்பரத்தில் கல்லூரி இரண்டாம் வருடம். மேல்பட்டாம்பாக்கத்தில் பாசஞ்சர் ஏறிப் போய் வருவாள். ஞாயிறன்று மட்டும் எங்களிடம் வருவாள். வந்த மூன்றாவது மாதத்தில் எங்களுக்கு ஊரில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. "அந்தப் பொண்ணு பேண்டு." டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீ அந்தப் பொண்ணு பேண்டுல இன்னா பண்ற?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் சுட்டது.

எனக்கு அவள் மேல் காதல் என்று நண்பர்கள் நினைத்தார்கள். அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பச்சையான பொறாமை, வேறொன்றும் இல்லை. அவள் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையைப் பார்ப்பேன். இவ்வளவு சின்னக் கழுத்தில் அது எங்கே இருக்கிறது என்று எரிச்சலாக வரும். அவளுக்குச் சளி பிடித்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஞாயிறு பயிற்சி முடிந்ததும் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவோம். துறைமுகத்தில் வாங்கிய வஞ்சிரத்தின் நடுத்துண்டு எனக்கு என்பது நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து எழுதாத சட்டம். ஒரு ஞாயிறு அம்மா அதை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். எனக்கு வால் பக்கம் வந்தது.

"கத்திக் கத்திப் பாடுது பாவம், சாப்புடட்டும்" என்றாள்.

"நானுந்தான் கத்தறேன்."

"நீ கத்தறது வேற" என்றாள் அம்மா. கிண்டல் இல்லை, சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசத்தை எடுக்கப் போனாள். அந்தப் பெண்ணோ முள்ளை எடுத்துவிட்டு அந்தத் துண்டில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தாள். "நீங்க சாப்டுங்கண்ணா." அந்தப் பாதித் துண்டைச் சாப்பிட்டது போல வேறெதையும் வெறுத்து நான் சாப்பிட்டதில்லை.

பாட்டுகள் ஒவ்வொன்றாக அவளுக்குப் போயின. என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டது. கத்திரி வெயிலில் மத்தியானம் வரைக்கும் மேல்காத்து அனலாக அடிக்கும். கடல்காத்து எப்போது திரும்பும் என்று ஊரே வாசலில் நிற்கும். கரண்டும் இருக்காது. அந்தக் காத்திருப்புதான் பாட்டு. "காத்து இன்னும் வரல" என்பது ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் வருகிற பல்லவி. "வரல" என்ற இடத்தில் குரல் உச்சிக்குப் போகும். அங்கே எட்டுவதற்கு எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதையும் விட்டுக்கொடுத்தால் மேடையில் நான் வெறும் கிதார் பிடித்த ஆள். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பயிற்சிக்காக அவள் பாடினாள். "வரல" என்ற இடத்தை அவள் எட்டிப் பிடிக்கவில்லை. அங்கேயே குடியிருக்கிறவள் மாதிரி நின்றாள். முடிந்ததும் டிரம்ஸ் வாசிப்பவன், "மச்சான், இத இனிமே அதுவே பாடட்டும்டா" என்றான். நான் பேஸ் வாசிப்பவனைப் பார்த்தேன். அவன் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"சிதம்பரத்துல மட்டும் பாடட்டும்" என்று சொன்னேன். சிதம்பரத்தில் அவளுடைய கல்லூரி விழா இரண்டு வாரத்தில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய மேடை. போனில் சுற்றிவந்த அழைப்பிதழில் அவள் படம் பெரிதாக இருந்தது. பின்னால் மூன்று மங்கலான உருவங்கள். நடுவில் இருப்பது நான் என்று அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு லட்சணமா இருக்கு" என்றாள்.

விழா அன்று டிரம்ஸை ஏற்றிக்கொண்டு போக அவள் அப்பா குட்டியானையைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் பின்னால் ஏறிக்கொள்ள, நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க ஊட்ல அதோட அம்மாவுக்கு இஷ்டமில்ல தம்பி. பொட்டப்புள்ள மேடைல நின்னு கத்தறதான்னு கேக்கறாங்க. நாந்தான் சொன்னேன், அந்தத் தம்பி கோயில்ல பாடற புள்ள, கூட இருந்து பாத்துக்கும்னு. பாத்துக்குங்க தம்பி."

"பாத்துக்கறேங்க" என்றேன். அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம்பாவிட்டாலும் சரி.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடை ஏறினோம். முதல் மூன்று பாட்டிலேயே மைதானம் அவள் கைக்குள் வந்துவிட்டது. அவளுடன் படிக்கும் பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மேடைக்குக் கீழே அவள் அப்பா வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலாவது என் பாட்டு. அவள் மைக்கில், "அடுத்து நம்ம பாட்டு" என்றாள். நம்ம பாட்டு. அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் என்னமோ அறுந்தது.

ஏழாவது கட்டத்தில் ஆரம்பிக்க வேண்டிய பாட்டு அது. என் கை பத்தாவது கட்டத்துக்குப் போனது. தவறிப் போகவில்லை. நான்தான் கொண்டுபோய் வைத்தேன். மூன்று கட்டம் மேலே.

பேஸ் வாசிப்பவன் வழக்கம்போல் என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். இரண்டாவது சுற்றில் அவனும் பத்தாவது கட்டத்துக்கு வந்துவிட்டான். வேறு எப்படி வாசிப்பது என்று அவனுக்குத் தெரியாது. அவள் பாட ஆரம்பித்தாள். சரணம் முடியும் வரை ஒன்றும் தெரியவில்லை. பல்லவி நெருங்கும்போது ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கிதாரைப் பார்த்தேன். "காத்து இன்னும்" வரைக்கும் ஏறினாள். "வரல" என்ற இடத்தில் குரல் கீச்சென்று உடைந்தது.

பின்னாலிருந்து ஒருவன், "வாய்ஸும் வரல!" என்று கத்தினான். சிரிப்பு அலையடித்தது. அவள் அப்பா யார் கத்தியது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஏழெட்டு நொடி இருக்கும். சர்க்கரைத் தண்ணீர் மாதிரி உடம்பு முழுக்க இறங்கியது. அடுத்த பல்லவியை நான் எடுத்துக் காப்பாற்றிவிடலாம் என்று மைக் பக்கம் போனேன். போன பிறகுதான் உறைத்தது. ஏழாவது கட்டத்திலேயே கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறவன் நான். பத்தில் எனக்குப் பேச்சுகூட வராது. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு, பின்னால் வந்துவிட்டேன். அவள் மிச்சப் பாட்டைக் கீழ் ஸ்தாயியில், கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி, முடித்துவைத்தாள்.

மேடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அழுதிருந்தாள்.

"சாரிண்ணா. உங்க பாட்டக் கெடுத்துட்டேன்."

திறந்திருந்த குழாயை நான் மூடினேன்.

"இன்னா ஆச்சின்னே தெரியல. ஷெட்ல சரியாத்தான வந்திச்சி. கூட்டத்தப் பாத்து பயந்துட்டேன் போல. இனிமே நீங்களே பாடுங்கண்ணா. அது உங்க பாட்டு."

இரண்டு வாரமாக நான் கேட்க நினைத்த வார்த்தை அது. அவள் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். "பரவால்ல, விடு" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசியதிலேயே அசிங்கமான வார்த்தை "பரவால்ல"தான். திரும்பிப் போகும் வழியில் அவள் அப்பா வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, "நீங்க மனசுல வெச்சிக்காதீங்க தம்பி" என்றார்.

மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. பரீட்சை என்று சொல்லியனுப்பினாள். என் பாட்டை நான் பாடினேன். தகரம் சும்மா இருந்தது. டிரம்ஸ் வாசிப்பவன் நடுநடுவே போனை எடுத்துப் பார்த்தான். பேஸ் வாசிப்பவன் என் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். எல்லாவற்றையும் எப்போதோ மனப்பாடம் செய்திருக்கிறான் போலிருக்கிறது, ஒரு இடத்திலும் தவறவில்லை. நடுத்துண்டு என் தட்டுக்குத் திரும்பி வந்தது. "அந்தப் பொண்ணு ஏன்டா வர்றதில்ல?" என்று அம்மா மூன்று வாரமும் கேட்டாள். நான் மூன்று வாரமும் தின்றேன்.

நாலாவது ஞாயிறு அவள் வந்தாள். கிதாரை எடுக்கக்கூட விடாமல் ஆரம்பித்தாள்.

"அண்ணா, அன்னைக்கு நீங்க பாட்டோட ஸ்கேல தூக்கி எடுத்திருக்கீங்க."

பேஸ் வாசிப்பவன் ஆம்ப் பக்கம் குனிந்து இல்லாத எதையோ சரிசெய்தான். அவளே தொடர்ந்தாள்.

"ஃபிரண்டு ஒருத்தி வீடியோ எடுத்திருந்தா. காலேஜ் கீபோர்டுல வெச்சிப் பாத்தேன். ஒன்றர ஸ்வரம் மேல இருக்கு. மொதல்ல கோவமா வந்திச்சி, சொல்லாம தூக்கிட்டாரேன்னு. அப்பறம் நெனச்சேன், சும்மா தூக்குவாரா, எனக்கு எட்டும்னு நம்பித்தான் தூக்கியிருப்பாரு. நாந்தான் சொதப்பிட்டேன்னு. தெனம் ட்ரெயின்ல வாசப்படி கிட்ட நின்னு பாடிப் பாத்தேன். இப்ப எட்டுது. பாட்டு அங்கதாண்ணா நல்லா இருக்கு. அங்கயே எடுங்க."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வார்த்தை நாக்கு வரை வந்தது. டிரம்ஸ் வாசிப்பவன் குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டான். நானும் சௌகரியமாக அதைப் பிடித்துக்கொண்டேன். கை பத்தாவது கட்டத்துக்குப் போனது.

அவள் பாடினாள். "வரல" என்று ஏறியபோது தகரம் மட்டுமல்ல, ஆணியிலிருந்து ஒரு ஸ்பேனர் கழன்று கீழே விழுந்தது. பொறாமையில் எனக்குக் கண் கலங்கியது. மற்றவர்கள் வேறு விதமாக நினைத்துக்கொண்டார்கள். அவள் சொன்னது சரிதான், பாட்டுக்கு அதுதான் இடம். ஒன்றரை வருடம் அதை நான் தப்பான இடத்தில் வைத்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். கிளம்பும்போது பேஸ் வாசிப்பவன் என் பக்கத்தில் வந்து கிதாருக்கு உறை போட்டுக்கொண்டே, "இனிமே அத கீழ எறக்க முடியாது மச்சான்" என்றான். அந்த விஷயத்தைப் பற்றி இன்று வரை அவன் பேசியது அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன. பேண்ட் இருக்கிறது. பெயர் இன்னும் அந்தப் பொண்ணு பேண்டுதான். கூப்பிடுகிற இடத்தில் எல்லாம் கடைசியாக அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். அதை ஆரம்பிக்கும் முன்னால் அவள் ஒவ்வொரு மேடையிலும் ஒரு வார்த்தை பேசுவாள். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. போன மாதம் அவள் படித்த அதே கல்லூரியில் வாசித்தோம். அதே மைதானம். அவள் அப்பா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை அவள் அம்மாவும் வந்திருந்தார்.

"இந்தப் பாட்டு இவரு எழுதுனது" என்று அவள் என்னைக் காட்டினாள். "இதே எடத்துல மொத தடவ பாடும்போது எனக்கு வரல. எனக்கு எட்டும்னு எனக்கு முன்னாடியே அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்காகத்தான் மேல தூக்கிக் குடுத்தாரு."

மைதானம் எனக்காகக் கைதட்டியது. அவள் அம்மா கையைக் கூப்பினார். பேஸ் வாசிப்பவன் தன் கிதாரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பத்தாவது கட்டத்தில் விரலை வைத்தேன்.

கடைசிப் பல்லவியில் அவள் எப்போதும் மைக்கை என் பக்கம் நீட்டுவாள். பாட்டு என்னுடையது அல்லவா, அந்த மரியாதைக்காக. அன்றும் நீட்டினாள். நான் வழக்கம்போல் கிட்டே போய், கண்ணை மூடிக்கொண்டு, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தேன். கூட்டம் போடுகிற கூச்சலில் யாருக்கும் தெரியாது. நானும் பாடுகிறேன் என்றுதான் அவள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.